கலியமூர்த்தி அண்ணனின் கமிஷன் கதை

கோவில்பத்து கலியமூர்த்தி அண்ணன் போய்விட்டார். நேற்று நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே... இன்று காலை எடுத்தாயிற்று.

காரைக்காலில் கார் வைத்திருக்கும் பாதிப் பேருக்கு இன்சூரன்ஸ் போட்ட ஏஜென்ட். பாதி என்று நான் சொல்வதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே. ஆனால் எங்கள் தெருவில் அத்தனை காரும் அவர் போட்டதுதான்.

பாலிசி முடிய ஒரு வாரம் இருக்கும்போதே மொபெட்டில் வந்துவிடுவார். வண்டியில் பொறித்திருக்கும் சேஸிஸ் நம்பர் மேல் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பார்.

"எதுக்குண்ணே வருசா வருசம்? நம்பர் என்ன வளருமா?" என்று கிண்டல் செய்வேன்.

"வண்டியப் பாக்காம கையெழுத்துப் போடமாட்டேன் தம்பி. அப்புடியே பழகிப்போச்சு."

புயலில் மரங்கள் விழுந்து எங்கள் தெருவில் என்னுடையதையும் சேர்த்து ஒன்பது கார் அடிவாங்கியது. ஒன்பதுக்கும் அலைந்து கிளெய்ம் வாங்கித் தந்தவர் அவர்.

மறுவருடம்தான் நான் செல்போனில் ஒரு இன்சூரன்ஸ் வெப்சைட்டைக் கண்டுபிடித்தேன். வண்டி நம்பரைத் தட்டினால் பத்துப் பதினைந்து கம்பெனி விலை வரிசையாக வந்து நிற்கும், பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். எட்டாவது படித்தவன் நான்... இன்ஜினியரெல்லாம் என்னிடம் போனை நீட்டிக்கொண்டு நின்றார்கள்!

போன வருடம் கிளெய்ம் வாங்கினீர்களா என்று அதில் ஒரு கேள்வி. இல்லை என்று தட்டினேன். விலை சர்ரென்று இறங்கியது. ஒன்பது பேருக்கும் நானே தட்டினேன், அதே 'இல்லை'தான்.

அந்த விலையையும் அண்ணன் சொன்ன விலையையும் காட்டித் தெருமுனையில் நின்று பேசினேன். "பாத்தீங்களா? இத்தன வருசமா நம்ம தலையில மொளகா அரைச்சிருக்காரு. அத்தனையும் கமிஷன்!"

அதற்குப் பிறகு அவர் எங்கள் தெருவுக்கு வரவில்லை.

அந்த வருடமே அம்பகரத்தூர் போய்த் திரும்பும்போது லாரியின் பின்னால் கொண்டுபோய்ச் சொருகினேன். கிளெய்ம் கேட்டால், பொய்த் தகவல் கொடுத்திருக்கிறீர்கள் என்று கம்பெனியில் நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

வேறு யாரிடம் போவது... அவர் வீட்டுக்குத்தான் போனேன்.

"எல்லாம் அந்த வெப்சைட்டு செஞ்ச வேலைண்ணே."

"அது கேள்விதான தம்பி கேட்டுச்சு. பொய் சொன்னது யாரு?"

அவ்வளவுதான் திட்டு. டீ கொடுத்தார். என் போனில் உண்மையைத் தட்டிப் பார்க்கச் சொன்னார். தட்டினேன். அவர் முன்பு சொன்ன விலைக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது.

தவறை ஒப்புக்கொண்டு, குறைவாகக் கட்டியதன் மீதியைக் கட்டிவிடுகிறேன் என்று கம்பெனிக்கு என் பெயரில் ஒரு கடிதம் எழுதித் தந்தார். கேட்காமலேயே மற்ற எட்டுப் பேருக்கும் எழுதிக் கொடுத்தார்.

"நான் எழுதுனேன்னு சொல்லிடாதீங்க. கமிஷனுக்குத் திரும்ப வர்றான்னு நெனப்பாங்க."

நான் சொல்லவில்லை. கொஞ்சம் கழித்துக்கொண்டாலும் எனக்குப் பணம் வந்தது. ஹெட் ஆபீஸ் மேனேஜரிடமே பேசி முடித்தேன் என்று தெருவில் அளந்துவிட்டு, மற்ற எட்டுக் கடிதங்களையும் நானே எழுதியதாகக் கொடுத்தேன். எட்டுப் பேரும், "மாமா கில்லாடி" என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது...

இன்று காலை எடுப்பதற்கு முன், அவர் வீட்டு வாசலில் எங்கள் தெரு செந்தில் சொல்கிறான், "நல்ல மனுசன்தான். என்ன, கமிஷன்தான் கொஞ்சம் ஓவரா அடிச்சிட்டாரு."

என் பேச்சு அது. பக்கத்தில் அவர் மகன் கொள்ளிச்சட்டியோடு நிற்கிறான். கேட்டுவிட்டுத் தலை குனிந்துகொண்டான்.

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

செந்திலோடு சேர்த்து எட்டுப் பேரையும் இந்தப் பதிவில் டேக் செய்திருக்கிறேன். அண்ணன் ஒருவரையும் ஏமாற்றவில்லை. நான்தான்.

இதை முதலில் அவர் மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் வந்துவிட்டது. பதில் இல்லை.

அலைந்தது போதும், படுங்கண்ணே...