வெள்ளணு ஏறினால் கூழ்

தொண்ணூறுகளில் ஒரு ஆடி மாதம். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த என் அண்ணனுக்கு ரத்தப் புற்றுநோய். கொடுத்த மருந்து நோயோடு சேர்த்து நல்ல வெள்ளணுக்களையும் துடைத்துப் போட்டிருந்தது. அவற்றை மறுபடி வளரச் சொல்ல ஒரு ஊசி. நம் உடம்பே சுரக்கிற புரதம்தானாம் அது, அணுக்களுக்குச் சேதி சொல்வது. ஆஸ்பத்திரியிலிருந்து ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்து, ஆவடி பஸ்ஸில் யாரும் இடித்துவிடாமல் நான்தான் தினமும் கொண்டுவருவேன். சேக்காட்டில் எங்கள் தெரு நர்ஸக்கா போட்டுவிடுவார்.

"வெள்ளணு ஏறணும்" என்று டாக்டர் சொன்னதை மட்டும் அம்மா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஏறினால் தெருவுக்கே கூழ் ஊற்றுகிறேன் என்று மாரியம்மனிடம் வேண்டியும் விட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சாமிகிட்ட போய் பேரம் பேசினுகீறியே!"

"ஊசிய நீ பாத்துக்க. ஆத்தாவ நான் பாத்துக்கறேன்."

அந்த வியாழக்கிழமை ரத்தப் பரிசோதனையில் வெள்ளணு ஏறியிருந்தது. "ஆத்தா கண்ண தொறந்துட்டாடி!" என்று அம்மா அழுதாள். அன்றே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்தாள்.

மறுநாள் காலை ஊசி வாங்கப் போனேன். டாக்டர் என்னை உட்காரச் சொன்னார். ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்திருந்தார்.

"ஏறினது நல்ல அணு இல்லம்மா. நோய் திரும்பிடுச்சு."

"ஊசியாலயா சார்?"

"அந்தப் புரதத்துக்கு நல்லது கெட்டது தெரியாது. சில பேருக்கு நோயணுவும் அந்தச் சேதியக் கேட்டுக்கும். இவருக்கு அதனாலயா, தானா வந்துதான்னு சொல்லத் தெரியல. இனிமே ஊசி வேணாம். வீட்ல வெச்சுப் பாத்துக்கங்க."

பஸ்ஸில் யார்மேல் கோபப்படுவதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். டாக்டர்மேலா, மாரியம்மன்மேலா? மடியில் பிளாஸ்க், உள்ளே வெறும் ஐஸ். பாழாய்ப்போன அழுகைகூட வரவில்லை.

கோயில் வாசலில் ஸ்பீக்கர் அலறியது. சொம்பும் தூக்குமாகத் தெருவே வரிசையில் நின்றது. அண்ணன் பந்தலுக்குள் வாயில் துணி கட்டி நாற்காலியில் இருந்தான்.

"இன்னா, ஊசி எங்க?" என்றாள் அம்மா.

"இனிமே வோணாமாம்."

அம்மா அகப்பையோடு கையைத் தூக்கி வரிசையைப் பார்த்துக் கத்தினாள். "கேட்டீங்களா? ஊசியே வோணான்ட்டாங்க! எம்புள்ள பொழச்சிக்கினான்!"

யாரோ குலவையிட்டார்கள். அம்மா ஒரு சொம்பு நிறையக் கூழை ஊற்றி என் கையில் திணித்தாள். அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"குடி," என்றான் மெதுவாக. "அம்மா பாக்குது."

குடித்தேன்.