அப்பா கிளறிய பொங்கல்

எட்டு வயதில் எனக்கு என் அத்தை மகளைக் கண்டாலே வயிறு எரியும். காரணம் அவள் அப்பா. அத்தைக்கு நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. மாமா வீட்டில் இருந்தார். சோறு வடித்தார், மகளுக்கு ஊட்டினார், மழை வந்தால் பள்ளிக்கூட வாசலில் குடையோடு நின்றார். என் அப்பா மாமல்லபுரத்துக்கு வேன் ஓட்டினார். நான் எந்த வகுப்பு என்று யாராவது கேட்டால் அம்மாவைப் பார்ப்பார்.

திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஆடி மாதம் அம்மன் கோயில் முன்னால் பெண்கள் கல் கூட்டிப் பொங்கல் வைப்பார்கள். அந்த வருடம் அத்தைக்கு லீவு கிடைக்கவில்லை. மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பானையோடு வந்து உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாபா, பொண்டாட்டிய ஆபீசுக்கு அனுப்சிட்டு நீ அடுப்பு ஊதறியா?" என்றாள் பக்கத்து அடுப்புக்காரி.

"ஆமாக்கா. அவளுக்கு அடுப்பு தெரியாது, எனக்கு கம்ப்யூட்டர் தெரியாது."

எல்லோரும் சிரித்தார்கள். அத்தை மகள் அவர் முதுகில் சாய்ந்துகொண்டு, பொங்கலுக்கு வைத்திருந்த திராட்சையைத் தின்றாள். என்னைப் பார்த்துக்கொண்டே தின்றாள்.

என்னால் முடியவில்லை. டீக்கடைக்கு ஓடி, ஆண்களோடு நின்றிருந்த அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன். நீயும் வந்து கிளறு என்றேன்.

"ஏன், எனக்குப் பொண்டாட்டி இல்லியா?" என்றார். கடையே சிரித்தது. அழுதுகொண்டே வந்து அதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன்.

பால் பொங்கி, அரிசி வெந்துகொண்டிருந்தது. அம்மா கரண்டியைப் பானையிலேயே விட்டுவிட்டு எழுந்துபோய் மர நிழலில் உட்கார்ந்தாள். அம்மன் பொங்கல் அடிப்பிடித்தால் குடும்பத்துக்கு ஆகாது என்பது ஊர் நம்பிக்கை. "அண்ணாத்த, உன் பான தீயுது" என்று யாரோ கத்த, அப்பா ஓடிவந்தார்.

"எந்திரிச்சு வாடி."

"கை கீதில்ல? கிளறு."

அப்பா திட்டிக்கொண்டே கிளறினார். வெல்லம் முழுவதையும் ஒரேயடியாகக் கொட்டினார். அடி கருகியது. எனக்கென்ன? அத்தை மகள் பார்க்கும்படி அவரை ஒட்டி நின்றேன். அம்மா எனக்காகத்தான் இதைச் செய்தாள் என்று நம்பினேன்.

சாயங்காலம் கம்பெனி வண்டியில் அத்தை வந்து இறங்கினாள். கருகிய பொங்கலைத் தின்றுவிட்டு, நன்றாக இருக்கிறது என்று பொய் சொன்னாள். அம்மா அவள் கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையைக் கையில் எடுத்தாள். கட்டைவிரலால் போட்டோவைத் துடைத்தாள்.

"நல்லா விழுந்துகீது."

"எங்க, அண்ணி? அன்னிக்குத் தலகூட சரியா வாரல."

"நாம ரெண்டு பேரும் ஒரே காலேஜு. ஒரே பெஞ்சு" என்றாள் அம்மா.

அம்மா அட்டையை விடவில்லை. கழுத்துப் பட்டை இழுத்ததில் அத்தை குனிந்தபடியே நின்றாள்.

எனக்கோ பசி. ஒரு பிளாஸ்டிக் அட்டையில் இவ்வளவு நேரம் பார்க்க என்ன இருக்கிறது என்று அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தேன்.