போதுமான அளவு நீர்

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், துணி வெளுக்கும் அறைக்கும் பழைய கோப்புகள் அடுக்கிய அறைக்கும் நடுவில், ஜன்னல் இல்லாத ஓர் அறை. இருபத்தொன்பது வருஷமாக அங்கே உட்கார்ந்திருக்கிறாள் ஒருத்தி. மாடியில் டாக்டர்கள் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டு ரிப்போர்ட்டாகத் தட்டச்சு செய்வது அவள் வேலை. எல்லோருக்கும் அவள் காது அக்கா. டாக்டர்களின் முகம் அவளுக்குத் தெரியாது. ஆனால் யாருக்குச் சளி, யார் வீட்டில் சண்டை, யார் சாப்பிடாமல் வந்திருக்கிறார் என்பதெல்லாம் குரலிலேயே தெரிந்துவிடும்.

பள்ளிப் படிப்போடு நின்றவள். ஆங்கிலம் அவளுக்குக் காது வழியாகத்தான் வந்தது. ஹெட்போனை மாட்டிக் கண்கள் லேசாகச் செருகினால், மங்கலான தண்ணீருக்குள் இறங்குவது போல இருக்கும். 'ஃபுல்' என்றால் விளிம்பு வரை வந்து அசையாமல் நிற்கும் தண்ணீர். இன்னொரு சொட்டு விழுந்தால் வழிந்துவிடும். 'ஆம்பிள்' அப்படியில்லை, கையைக் காலை நீட்டிக்கொள்ள இடம் விட்டிருக்கும். 'கோபியஸ்' கொட்டிக்கொண்டே இருக்கும். 'ப்ரொஃப்யூஸ்' காதில் விழுந்தால் அவளுக்கே வியர்க்கும். அணை போட முடியாத வார்த்தை அது. அகராதியோ எல்லாவற்றுக்கும் 'நிறைய, மிகுதியான' என்று எழுதிக் கையைக் கழுவிவிட்டது.

"ஒரே வயித்துப் பிள்ளைங்கன்னா குணமும் ஒண்ணா இருக்குமா?" என்று வீட்டுக்காரரிடம் குறைப்பட்டுக்கொள்வாள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். "எனக்கு ஆஃப் தெரியும், ஃபுல் தெரியும். அதுக்கு மேல இங்கிலீஷ் எதுக்கு?" என்பார். அந்த மனுஷன் ஒரு சொட்டு குடித்தவரில்லை, வாய்ச்சவடால்தான்.

ஒரு நாள் மதியம், மழை தூறிக்கொண்டிருந்த நேரம். புதிதாக வந்த ஸ்கேன் டாக்டரின் குரல் காதில் ஓடியது. எட்டு மாதக் கர்ப்பிணி. குழந்தை நலம், துடிப்பு சரி, சுற்றியுள்ள நீர் 'அபண்டன்ட்', அளவு பதினாலு.

அவள் விரல் நின்றது. பதினாலு என்பது இயல்பான அளவு. 'அபண்டன்ட்' என்றதும் அவள் கண்ணுக்குள் ஊற்று ஒன்று பெருகிக்கொண்டே போனது. படிக்கிறவர்கள் நீர் அதிகமாகிவிட்டது என்றல்லவா நினைப்பார்கள்?

"கேட்டதை அடி, யோசிக்காதே" என்பது அந்த அறையின் சட்டம். மேற்பார்வையாளர் தினம் ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு நாலு மாடி ஏறினாள். அதற்கு முன் எந்த ரிப்போர்ட்டுக்காகவும் அவள் அப்படி ஏறியதில்லை.

ஸ்கேன் அறைக்கு வெளியே ஒரு கர்ப்பிணி வயிற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். "அக்கா, ரிப்போர்ட் வந்துருச்சா?"

"டாக்டர் சொல்வாங்கம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். விஷயத்தைக் கேட்டதும் நெற்றியைச் சுருக்கினாள். "தண்ணி தாராளமா இருக்கு, பயமில்லைன்னு சொல்லத்தான் அப்படிச் சொன்னேன். ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்லைங்க டாக்டர். அபண்டன்ட்னா அளவுக்கு மேல பெருகுறது. அதைப் படிச்சுட்டு அந்தப் பொண்ணு இன்னொரு டாக்டர்கிட்ட ஓடும்."

"அப்ப என்ன போடலாம்?"

"அடிக்வேட். போதுமான அளவு."

"கஞ்சத்தனமா இல்லை அது?"

"ரிப்போர்ட்ல 'போதும்'னு வந்தா வீட்டுக்குப் போய் நிம்மதியாத் தூங்கலாம் டாக்டர்."

 டாக்டர் மைக்கை எடுத்து, அந்த வரியை மாற்றிச் சொன்னாள். நேரில் கேட்டபோது அந்தக் குரல் இன்னும் இளசாக இருந்தது.

மேற்பார்வையாளர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அதற்கு அடுத்த மாதம் பிரசவ ரிப்போர்ட் ஒன்று அவள் காதுக்கு வந்தது. அதே கர்ப்பிணி, பெண் குழந்தை, இருவரும் நலம். அன்றைக்கு அவள் எல்லா ரிப்போர்ட்டையும் மெதுவாகத்தான் அடித்தாள்.

ஸ்கேன் டாக்டருக்கு அவளைக் கேட்பதே பழக்கமாகிவிட்டது. "அக்கா, இது கோபியஸா, ப்ரொஃப்யூஸா?" என்று மாடியிலிருந்து போன் வரும். கடைசியில், "புதுசா வர்றவங்களுக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்களேன்" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதினாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் பக்கத்தில், அது எவ்வளவு, எங்கே நிற்கும், எப்போது பயமுறுத்தும் என்று. கெட்டிலின் ஆவி ஜன்னல் கண்ணாடியை மறைத்தது. வெளியே தெருவே இல்லாதது போலிருந்தது. பக்கம் முடிகிற இடத்தில் 'ரிப்ளீட்' என்று ஒரு வார்த்தையை எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அகராதியில் பார்த்தது, இத்தனை வருஷத்தில் ஒரு டாக்டரும் சொல்லாத வார்த்தை.

திங்கட்கிழமை போன் வந்தது. "அக்கா, கடைசி வார்த்தைக்கு 'வயிறும் மனசும் சேர்ந்து நிறைவது'ன்னு போட்டிருக்கீங்க. இது எந்த நோய்க்கு?"

"நோய்க்கு இல்லைங்க டாக்டர். டிஸ்சார்ஜ் ஆகிப் போறவங்களுக்கு."

மறுமுனையில் சிரிப்புச் சத்தம். அந்தத் தாள் ஸ்கேன் அறைச் சுவரில் ஒட்டப்பட்டது, கடைசி வரியோடு சேர்த்து.