கொள்ளிக்கண் வாத்தியார் குணா

தங்கா பத்து பசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. எங்கள் படப்பிடிப்புகளில் விளக்குப் பிடித்த முருகையா. "அக்கா, நம்ம குணா அண்ணன் தவறிட்டாருக்கா," என்றார். செங் வட்டாரத் தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து வீடு திரும்பியவன், சப்பாத்தைக் கழற்ற உட்கார்ந்த நாற்காலியிலேயே போய்விட்டானாம். மீன்காரரிடம் என்ன சொல்லிவிட்டு நகர்ந்தேன் என்று நினைவில்லை.

செத்தவரைப் போய் அவன் இவன் என்கிறாளே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். உயிரோடு இருந்தபோதும் அவன் எனக்கு அவன்தான். நான் கதை வசனம் எழுதிய தொலைக்காட்சிச் சிறுவர் நிகழ்ச்சியில் அவன் கொள்ளிக்கண் வாத்தியார். உங்களில் பலர் வீட்டுப் பிள்ளைகள் அந்த முகத்தைப் பார்த்துச் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்திருப்பார்கள். காகிதக் கூழில் செய்த தலை, தேங்காய் நார் மீசை, வெளியே தள்ளிய பல், கண்ணுக்கு இரண்டு சிவப்பு பல்பு. அந்தக் கோலத்தில் நின்று, சாலையை எப்படிக் கடப்பது, மின்கம்பியை ஏன் தொடக்கூடாது என்று தேனொழுகப் பாடம் சொல்லுவான்.

பிள்ளைகள் அலறுகிறார்கள், முகத்தை மாற்றுங்கள் என்று மேலிடத்திலிருந்து சொன்னார்கள். அவன் மசியவில்லை. "அழகான மூஞ்சிய வச்சிக்கிட்டுதான் ஏமாத்துறான் அக்கா. கோரமான மூஞ்சியும் நல்லது சொல்லும்னு புள்ளைங்க தெரிஞ்சிக்கட்டும்லா," என்றான். பிடிவாதத்தில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இரண்டே மாதத்தில் அதே பிள்ளைகள் சனிக்கிழமை காலையில் அவனுக்காகக் காத்துக் கிடந்தார்கள்.

பாடங்களில் ஒன்று அவனுடைய சொந்தச் சரக்கு. விளக்கு வைக்கும் நேரத்தில் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் குரல் கொடுக்கக்கூடாது என்று நம் தோட்டங்களில் சொல்வார்கள் அல்லவா? கூப்பிடுவது மனிதக் குரலாக இல்லாமலும் இருக்கலாம் என்பது பயம். அதை அவன் பிள்ளை பிடிப்பவர்களுக்குத் திருப்பினான். "பேரு தெரிஞ்சவன் எல்லாம் வேண்டியவன் இல்ல. மூஞ்சியப் பார்க்காம வாயத் திறக்காதீங்க" என்று சிவப்புக் கண்ணை உருட்டிச் சொன்னான். நல்ல பாடம் என்று எல்லாரும் மெச்சினார்கள். நானும்தான்.

அடுத்த மழைக்காலத்தில் கோலா சுங்கை பாரு பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குப் படம் பிடிக்கப் போனோம். பெய்த மழையில் வேலை நின்றது. மழை விட்டபோது தொழிலாளர் லயத்து வீடுகளில் ஒரு பிள்ளையைக் காணவில்லை. தர்ஷினி என்று பேர், ஐந்து வயது. ஆளாளுக்குச் செம்பனை வரிசைகளுக்குள் புகுந்து கூப்பிட்டார்கள். எந்த வரிசையில் நின்று பார்த்தாலும் ஒரே மாதிரி இருட்டு. பாரிட் என்று அங்கே சொல்லும் பெரிய வடிகாலில் செந்தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. கூப்பிட்ட பேரெல்லாம் உள்ளே போனதே தவிர, ஒன்றும் திரும்பி வரவில்லை.

தோட்டத்துக் கோயில் தலைவர் எங்கள் வேனுக்கு வந்தார். "இந்தக் கொள்ளிக்கண்ண உள்ள கொண்டாந்தப்பவே இது ஆகாதுன்னு எனக்குத் தோணுச்சு" என்றார். பிள்ளையின் மாமன் அந்தத் தலையைத் தூக்கிச் சேற்றில் எறிந்தார். குணா தலை குனிந்து நின்றான். அப்போது பிள்ளையின் தாய், அழுத அழுகையிலேயே, தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னாள்: "பொழுது சாஞ்சிட்டா நான் கூப்பிட்டாக்கூட வராதே. மூஞ்சியக் காட்டும்மான்னுதான கேக்கும்."

குணாவின் முகம் செத்துப் போனதை நான் பார்த்தேன். அவன் பாடம் அந்த இருட்டில் எங்கேயோ உட்கார்ந்து, அம்மா கூப்பிட்டும் வாய் திறக்காமல் இருக்கிறது. தண்ணீர் ஏறுகிறது.

அவன் ஓடிப்போய்ச் சேற்றிலிருந்து தலையை எடுத்து மாட்டினான். மாமன் கை ஓங்கினார். தாய்தான் குறுக்கே வந்து நின்றாள். எல்லாரும் கூப்பிடுவதை நிறுத்துங்கள், டார்ச்சுகளை அணையுங்கள் என்று கெஞ்சினான். டார்ச்சுகள் அணைந்ததும் பாரிட்டுக்குள் இறங்கினான். ஒரு சத்தமில்லை. இடுப்பளவு தண்ணீரில் இரண்டு சிவப்புக் கண்கள் மட்டும், தண்ணீரை ஒட்டித் தாழ்ந்து, ஒவ்வொரு புதராக, ஒவ்வொரு பொந்தாக எட்டிப் பார்த்துக்கொண்டு போயின. அவன் யாரென்று தெரிந்த எனக்கே உடம்பு சிலிர்த்தது. பக்கத்தில் நின்ற ஒருத்தி முனியாண்டியைக் கும்பிட்டாள்.

தோட்டச் சாலைக்கு அடியில் தண்ணீர் போக ஒரு சிமெண்டுக் குழாய் இருந்தது. கண்கள் அதன் வாயில் நின்றன. உள்ளிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது.

"வாத்தியாரே, யாரு கூப்பிட்டும் நான் பதில் சொல்லவே இல்ல."

மழைக்கு ஒதுங்கி உள்ளே போன பிள்ளை. தண்ணீர் அடித்து வந்த செம்பனை மட்டைகளில் கால் சிக்கிக்கொண்டது. அந்தக் குழாய்க்கு மேலேதான் நாங்கள் நடந்து நடந்து கத்தியிருக்கிறோம். கழுத்துவரை தண்ணீரில் அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, வாத்தியார் மெச்சுவார் என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள். குணா மட்டைகளைப் பிய்த்து அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினான். மாமன் அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

வேனுக்குப் பின்னால் போய் அவன் வாந்தி எடுத்தான். தண்ணீர் கொடுத்தேன். பிள்ளைகள் நம்மைப் பார்த்துப் பயப்படுகிற வரைக்கும் ஒன்றுமில்லை என்றான். பிறகு, "அது என்னைய அப்படியே நம்பிருச்சுக்கா. எனக்குப் பயமா இருக்கு," என்றான்.

அடுத்த நிகழ்ச்சியில், வாத்தியார் சொன்ன பாடம் தப்பு, மாட்டிக்கொண்டால் யார் கூப்பிட்டாலும் கத்துங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லியே தீருவேன் என்று நின்றான். வாத்தியாரே தப்பை ஒப்புக்கொண்டால் பிள்ளைகளுக்கு நம்பிக்கை போய்விடும் என்று மேலிடம் தடுத்தது. அப்படியானால் தலையை வேறு ஆளுக்கு மாட்டிவிடுங்கள் என்றான். கடைசியில் அவன் சொன்னதுதான் ஒளிபரப்பானது. அதன்பிறகு நான் எழுதிக் கொடுக்கும் ஒவ்வொரு பாடத்தையும், "இத ஒரு புள்ள அப்படியே செஞ்சா என்னாகும்?" என்று கேட்காமல் அவன் படித்ததில்லை. எரிச்சலாக வரும். சண்டை போட்டிருக்கிறேன்.

அந்தத் தலையை அவன் மனைவி அவனுடைய சவப்பெட்டிக்குள்ளேயே வைத்து அனுப்பிவிட்டாள். அது சரிதான். எனக்கு அவனிடமிருந்து வந்து சேர்ந்தது அந்தப் பயம். நேற்றும் குழந்தைகளுக்கு ஒரு பக்கம் எழுதி முடித்தேன். எங்கோ ஒரு பிள்ளை இதை வரிக்கு வரி நம்பப்போகிறது என்று தோன்றியது. எழுதியதைக் கிழித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தேன், குணா.