சூசை அண்ணையின் சிவப்பு விமானம்

சூசை அண்ணை போய்விட்டார். இன்று காலை அவருடைய மகள் போனில் சொன்னாள்...

ஊர்காவற்துறையில் பைபர் வள்ளம் கட்டியவர். என் பக்கத்து வளவுக்காரர்.

அந்தக் காலத்து வேகப் போட்டிகளில் பறந்த ஒற்றை ஆசன விமானம் ஒன்றின் படத்தைப் பார்த்து, ரிமோட்டில் பறக்கும் மாதிரி ஒன்று செய்தார். சிறகு மட்டும் எட்டடி. மரம் அரியும் மெஷினின் எஞ்சின்.

வால் பாரம் கூடிப்போச்சு என்று சொன்னேன். சைக்கிள் கரியரில் அரிசி மூட்டையைக் கட்டினால் முன்சில்லு எழும்புமே, அதே கதைதான்.

கேட்டால்தானே!

"ரீச்சர், நீங்கள் பௌதிகம் படிப்பிச்சனீங்கள். நான் முப்பது வருசமா வள்ளம் கட்டுறன். பின்பாரம் இருந்தால்தான் மூக்குத் தூக்கும்."

தூக்கியது... வானத்தைப் பார்த்து நிமிர்ந்து, அப்படியே கடலுக்குள் விழுந்தது.

முழங்காலளவு தண்ணீரில், உடைந்த சிறகைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். "சரி, சொல்லுங்கோ ரீச்சர். மூக்கில எவ்வளவு பாரம் வேணும்?"

எஞ்சினைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவினார். இன்னொரு முறை உப்புத்தண்ணீர் குடித்தால் அது சரிவராது. வேறு எஞ்சினும் இல்லை.

சிறகை ஒட்டி முடித்த பிறகு, வலையில் கட்டும் ஈயக்குண்டுகளை மூக்குக்குள் ஒவ்வொன்றாகப் போட்டோம். ஆளுக்கொரு சிறகின் கீழ் இரண்டு விரல் வைத்துத் தூக்கிப் பார்த்தோம். பதினேழாவது குண்டோடு மட்டமாக நின்றது.

அவர் மனைவி மேரி அக்கா பார்த்துவிட்டுச் சொன்னார்: "தாலி கட்டேக்க கூட இந்தாள் இவ்வளவு கவனமா நிக்கேல்லை!"

அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம்... பறக்கவிடுவதற்கான அனுமதிக் கடிதம் அவர் சட்டைப்பையில். விமானம் தரவைப் புல்வெளியில் ஓடியது. எழும்பியது. மூக்கு நிமிரவில்லை. நேராகப் போய், சிவப்பாகச் சாய்ந்து, இரைந்துகொண்டு திரும்பி வந்தது!

வீதியால் வந்த யாழ்ப்பாண பஸ் நின்றுவிட்டது. சனம் முழுக்க இறங்கிக் கைதட்டியது. "அண்ணை, இன்னொரு சுத்து விடுங்கோ! பஸ் நிக்கும்!" என்று கொண்டக்டர் கத்தினார்.

ஏழு சுற்று விட்டார். சில்லு தரையில் தொட்டு விமானம் நின்றதும் ரிமோட்டை என் கையில் திணித்துவிட்டு அதை நோக்கி ஓடினார் பாருங்கள்... அறுபத்தெட்டு வயதில்.

நாளை சவப்பெட்டிக்கு முன்னால் விமானத்தைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

"ரீச்சர், தூக்கிறவைக்குப் பாரம். ஈயத்தைக் கழட்டட்டே?" என்று மகள் கேட்டாள்.

"ஒரு குண்டும் கழட்டக்கூடாது பிள்ளை" என்றேன்.

போய் வாருங்கள், அண்ணை. மூக்கு மட்டமாகத்தான் இருக்கிறது.