புளோரூமில் கிடைத்த வெங்கச்சங்கல்

பல்லடம் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் நான் புளோரூம் சூப்பர்வைசராக இருந்தேன். பேலாகக் கட்டி வந்த பஞ்சைப் பிரித்து, இரும்புப் பற்கள் சுழலும் பீட்டர் மெஷினில் அடித்துச் சுத்தம் செய்கிற இடம் அது. ஒரே வாரத்தில் இரண்டாம் தடவையாகப் பீட்டரில் தீப்பிடித்தது. அணைத்து முடித்ததும் மேனேஜர் கத்தினார்.

"எவனோ உள்ள பீடி குடிக்கறானுங்க. வேற என்ன?"

இரண்டு தடவையும் பேல் போட்டவன் வேலுசாமி. சட்டைப் பையில் ஒன்றும் இல்லை. நான் வாயை மோந்து பார்த்தேன், வெற்றிலை வாசம். பீடி நாற்றத்தை மறைக்க வெற்றிலை போடுகிறவர்களும் உண்டு. என் புத்தி அப்படி.

"சாமி சத்தியமா நானில்லீங் சார். அடுத்த மாசம் புள்ளைக்குக் கல்யாணமுங்க. இப்ப நிறுத்திப்போட்டீங்கன்னா மாப்ள ஊட்ல என்ன நினைப்பாங்க?"

மேனேஜர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

மறுநாளும் தீ. "வெளிய இருந்துட்டு ஆள் வெச்சுச் செய்யறான்" என்றார் மேனேஜர்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. இரும்புத்துண்டு பீட்டரில் பட்டாலும் பொறி பறக்கும்; ஆனால் அப்படி ஏதாவது பஞ்சில் வந்திருந்தால் லைனில் வைத்திருக்கும் காந்தம் வழியிலேயே பிடித்திருக்கும். லைனை நிறுத்தி, பீட்டரைத் திறந்து அடியில் துழாவினேன். கொட்டைப்பாக்கு அளவில் ஒரு வெங்கச்சங்கல் கையில் வந்தது. எங்கள் காட்டில் கிடக்கிற வெள்ளைக் கல்தான். காந்தம் கல்லை எப்படிப் பிடிக்கும்? தீப்பெட்டி இல்லாத காலத்தில் இந்த மாதிரிக் கல்லை இரும்பில் உரசி, பொறியைப் பஞ்சில் ஏந்தித்தான் அடுப்பு மூட்டினார்கள். அதையே நாங்கள் மோட்டார் வைத்துச் செய்திருக்கிறோம்.

மேனேஜர் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதையும் அவனே உள்ள போட்டிருந்தா?"

அதே லாட்டில் வந்து இன்னும் பிரிக்காமல் கிடந்த பேல் ஒன்றை அவர் கண்ணெதிரே அறுத்தேன். மண்ணோடு அதே கற்கள் உதிர்ந்தன. விற்றவர்கள் பஞ்சை வெறுந்தரையில் காயப்போட்டு வாரியிருக்கிறார்கள்.

"வேலுசாமிய வரச் சொல்லுங்க" என்றார்.

வந்தான். உட்காரவில்லை. "வேலைக்கு வாரனுங்க சார். ஆனா, பீடி குடிச்சு மில்லுக்குத் தீ வெச்சவன்னு ஊரெல்லாம் பரவிப்போச்சுங்க. இல்லைன்னு யாருங்க போய்ச் சொல்லுவாங்க?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் மேனேஜரும் அவிநாசியில் இருந்த வேலுசாமியின் சம்பந்தி வீட்டுக்குப் போனோம். "தப்பு எங்க மேலதானுங்க" என்று மேனேஜரே சொன்னார். "நாங்க அதை நம்பவே இல்லீங்களே" என்றார் சம்பந்தி. அவர் சொன்னதை நான் நம்பவில்லை. ஆனால் கல்யாணம் நடந்தது.

புதிதாக வருகிற சூப்பர்வைசர்களுக்கு ஒன்று சொல்வேன். தீப்பிடித்தால் முதலில் பீட்டரைத் திறங்கள். ஆளின் சட்டைப் பையைக் கடைசியாகப் பாருங்கள்.