எச்சில் கையோடு சொன்ன பதில்

என்னைப் போன்ற குத்தகை விவசாயிக்கு மெக்சிகோ கடல் உணவு ஓட்டலில் என்ன வேலை? தரங்கம்பாடியில் சுற்றுலா வருகிறவர்களுக்காகத் திறந்த அந்த ஓட்டலுக்கு நிலத்துக்காரர்தான் காரில் கூட்டிப்போனார். அப்பா காலத்திலிருந்து நாங்கள் உழும் மூன்று மா வயலை விட்டுக்கொடுப்பதாக நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டால் என் வீட்டில் உலை ஏறாது.

ஊரையே சிரிக்கவைக்கும் எனக்கு, அவர் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல மட்டும் வராது.

“போடுய்யா, கிளம்புவோம்.”

“எச்சில் கையால பத்திரத்தைத் தொடலாமாங்க? சாப்பிட்டுடுறேன்.”

அதுதான் என் ராஜதந்திரம். கை காயாமல் தின்றுகொண்டே இருந்தேன். இறால் வைத்து மடித்த சோள ரொட்டி, எலுமிச்சைச் சாற்றில் ஊறிய பச்சை மீன், நண்டு. பரிமாறிய பெண் பத்திரத்தைப் பார்த்தாள். கேட்காமலே இன்னொரு தட்டு வைத்தாள். நாலாவது தட்டில் மூச்சு முட்டியது. கெஞ்சுவதுபோல் அவளைப் பார்த்தேன்.

குனிந்து மெதுவாகச் சொன்னாள்: “அண்ணே, மீன் தீந்துபோச்சு. இனிமே நீங்கதான் வாயத் தொறக்கணும்.”

“முடியாதுங்கய்யா,” என்றேன் நிலத்துக்காரரிடம். அவர் பத்திரத்தை எடுத்துக்கொண்டு, என்னை அங்கேயே விட்டுவிட்டுக் காரில் போய்விட்டார்.

வயலைக் காலி செய்யச் சொல்லி அவர் போட்ட வழக்கு இன்னும் நடக்கிறது. வயல் நிலைக்குமா, தெரியாது. எத்தனையோ கதையளந்த இந்த வாய் உருப்படியாகச் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான்.